சரிந்த கால்பந்து அணியை மறுபடி கட்டுவது எப்படி: ரசிகர்களின் விவாதத்துக்கு ஒரு வரிசை

அணி தொடர்ந்து தோற்றால் ரசிகர்களின் பேச்சு நேராக இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று, கோச்சைத் தூக்கு. இன்னொன்று, இவரை வாங்கு, அவரை வாங்கு. அணி எதனால் தோற்கிறது, யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, புதிதாக வருபவர் யாருடைய இடத்தில் ஆடுவார் ஆகிய மூன்று கேள்விகளும் பேச்சில் வருவதே இல்லை. இவற்றுக்கு விடை இல்லாமல் எழுதும் வாங்கல் பட்டியல் எதற்கும் உதவாது. ஒரு கிளப்பின் விளையாட்டு இயக்குநர் (யாரை வாங்குவது, யாரை விற்பது என்று முடிவெடுப்பவர்) உட்கார்ந்து பார்க்கும் வரிசையில் நாமும் பார்த்தால் விவாதம் உருப்படியாக இருக்கும். அந்த வரிசையை இங்கே தருகிறோம்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

புள்ளிப் பட்டியல் முடிவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் தேட எக்ஸ்ஜி (xG, எதிர்பார்க்கப்படும் கோல்கள்) கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதைக் கூட்டிச் சொல்லும் எண் அது. ஒரு பெனால்டிக்கு ஏறக்குறைய 0.76 முதல் 0.79 வரை கொடுப்பார்கள். அதனால் பெனால்டிகளைக் கழித்துவிட்டு, அணி உருவாக்கிய எக்ஸ்ஜியிலிருந்து விட்டுக்கொடுத்த எக்ஸ்ஜியைக் கழியுங்கள். குறைந்தது 15 ஆட்டங்களாவது சேர்ந்த பிறகே இந்த எண்ணை நம்பலாம். ஐந்து ஆட்டங்களை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தும் புள்ளிகள் மோசமாக இருந்தால், அந்த அணியைக் கலைக்கக் கூடாது. 2014-15 சீசனில் பொருஸ்ஸியா டோர்ட்முண்ட் 19 ஆட்டங்கள் முடிந்தபோது ஜெர்மன் லீகின் கடைசி இடத்தில் இருந்தது. அந்த சீசனையே 7-வது இடத்தில் முடித்தது. அடுத்த சீசனில், பெரும்பாலும் அதே ஆட்கள் இருக்க, 78 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். அந்தக் குளிர்காலத்தில் அணியை உடைத்து விற்றிருந்தால் அது வரலாற்றுத் தவறாக ஆகியிருக்கும். அதே சீசனில் இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி 29 ஆட்டங்களில் 19 புள்ளிகளோடு கடைசியில் கிடந்தது. மீதி ஒன்பது ஆட்டங்களில் ஏழில் வென்று 14-வது இடத்தில் தப்பியது. அடுத்த ஆண்டு அந்த அணியின் முதுகெலும்பு அப்படியே இருந்தது, மிட்ஃபீல்டர் கான்டே உள்ளிட்ட சிலர் மட்டும் சேர்ந்தார்கள், பட்டம் கிடைத்தது.

வித்தியாசம் ஆட்டத்துக்கு மைனஸ் 0.3-க்கும் கீழே போனால் நோய் உண்மையானது. 38 ஆட்டங்களுக்கு அது 11 கோல் பள்ளம். ஒரு சீசனில் கோல் வித்தியாசம் ஒன்று மாறினால் சுமார் 0.6 முதல் 0.7 புள்ளி மாறும் என்பது நடைமுறைக் கணக்கு. அப்படிப் பார்த்தால் வித்தியாசம் பூஜ்யமாக உள்ள அணியைவிட ஏழு புள்ளிகள் குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பின்தங்கிய அணி கடைசி அரை மணி நேரம் முழுக்க அழுத்தி ஆடும், எதிரணி முன்னிலையைக் காக்கப் பின்வாங்கும். அதனால் தோற்கும் அணியின் ஷாட் கணக்கு வீங்கித் தெரியும். ஸ்கோர் சமநிலையில் இருந்த நேரத்தின் எண்களைத் தனியே பிரித்துப் பாருங்கள். அணியின் உண்மையான தரம் அங்கேதான் தெரியும்.

அடுத்து, விட்ட கோல்களை நான்காகப் பிரியுங்கள்: ஓட்டத்தில் வந்தவை, எதிர்த்தாக்குதலில் வந்தவை, கார்னர் மற்றும் ஃப்ரீ கிக்கில் வந்தவை, பெனால்டிகள். கார்னர், ஃப்ரீ கிக்கில் மட்டும் 15 கோல் விட்ட அணி, அதை 8-ஆகக் குறைத்தால் நான்கு ஐந்து புள்ளிகள் கிடைக்கும். அதற்கு 40 மில்லியனுக்கு ஒரு டிஃபண்டர் தேவையில்லை. நல்ல செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை) பயிற்சியாளர் ஒருவரும், வாரத்தில் அதற்கென ஒதுக்கிய நேரமும் போதும். 2014-15-இல் முதன்முறையாக டென்மார்க் பட்டம் வென்ற மிட்யுலன்ட் செட் பீஸ் கோல்களைப் பெரும் ஆயுதமாக வைத்திருந்தது. அப்போது அதே உரிமையாளரிடம் இருந்த பிரென்ட்ஃபோர்ட் இந்த வழியில் நடந்து 2021-இல் இங்கிலாந்தின் முதல் நிலைக்கு ஏறியது. 1947-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. மறுகட்டமைப்பில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் புள்ளிகள் இவையே. ரசிகர்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைப் பற்றித்தான்.

காயங்களையும் கணக்கில் எடுங்கள். ஆனால் "காயம் அதிகம்" என்று பொதுவாகச் சொல்லி விடாதீர்கள். முதல் பதினொருவரில் யார் எத்தனை நிமிடம் இழந்தார்கள் என்று எழுதுங்கள். எதிர்பாராத மோதலில் எலும்பு முறிந்தது துரதிர்ஷ்டம். ஒரே அணியில் தொடைத் தசைக் காயங்கள் மறுபடி மறுபடி வந்தால் பயிற்சிச் சுமை, வயது, மருத்துவப் பிரிவு ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று தவறு. புதிய ஆட்களை வாங்கினாலும் அவர்களுக்கும் அதே கதிதான்.

நிமிடக் கணக்கு

மறுகட்டமைப்பின் உண்மையான நாணயம் நிமிடங்கள்தான். 38 ஆட்ட லீகில் ஓர் இடத்துக்கு 3,420 நிமிடங்கள். பதினோரு இடங்களுக்கு 37,620. 34 ஆட்ட லீக் என்றால் 33,660. இந்த மொத்தத்தை நீங்கள் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. யாருக்கு எவ்வளவு என்று பங்கிடலாம், அவ்வளவுதான்.

ஒரு விரிதாளைத் திறந்து ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இவற்றை எழுதுங்கள்: சீசன் தொடங்கும் நாளில் வயது, முதல் இடம், இரண்டாம் இடம், கடந்த சீசனின் நிமிடங்கள், ஒப்பந்தம் முடியும் ஆண்டு, வாங்கிய விலை. சம்பளம் வெளியில் வருவது பெரும்பாலும் மதிப்பீடுதான். அதைத் தோராயமாக மூன்று படிகளாக வைத்துக்கொள்வது நல்லது.

நம்பகமான முதல் பதினொருவர் ஆளுக்கு 2,700 நிமிடம் ஆடினால் 29,700 ஆகும். மீதி 7,920. இதை 12-வது ஆள் முதல் 16-வது ஆள் வரையிலான ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 1,600. அதாவது அந்த ஐவரும் பெஞ்சில் இருப்பவர்கள் என்று நாம் நினைத்தாலும் பாதி சீசன் ஆடுபவர்கள். சரியும் அணிகளில் பெரும்பாலும் ஓட்டை இங்கேதான். முதல் பதினொருவரைப் பார்த்தால் தரமாகத் தெரியும். 13-வது ஆள் களமிறங்கியதும் அணி வேறாகிவிடும்.

இப்போது வயதுவாரியாக நிமிடங்களைக் கூட்டுங்கள். 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 10 முதல் 15 சதவீதம், 23 முதல் 28 வரை பாதிக்கு மேல், 29-க்கு மேல் 30 சதவீதத்துக்குள் இருந்தால் அணி ஆரோக்கியம் என்போம். 30 வயதைத் தாண்டியவர்கள் 40 சதவீதத்துக்கு மேல் சுமந்தால், அடுத்த கோடையில் (ஐரோப்பாவில் இரண்டு சீசன்களுக்கு நடுவே ஆட்களை வாங்கி விற்கும் காலம்) நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மறுகட்டமைப்பு வந்து நிற்கும். இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். வேகத்தை நம்பும் விங்கர்களும் (ஓரத்தில் தாக்குபவர்கள்) ஃபுல் பேக்குகளும் (ஓர டிஃபண்டர்கள்) முதலில் தளர்வார்கள். சென்டர் பேக் (நடு டிஃபண்டர்) 33 வரை தாங்கலாம், கோல்கீப்பர் அதற்கும் மேல். 31 வயது கோல்கீப்பரும் 31 வயது விங்கரும் ஒரே ஆபத்து அல்ல.

மறுபக்கமும் ஆபத்து உண்டு. எல்லாரும் 21 வயது என்றால் "எதிர்காலம் நமதே" என்று தோன்றும், பிப்ரவரியில் அணி தரையில் கிடக்கும். 2022 அக்டோபரில் ஷாபி அலோன்சோ கோச்சாக வந்தபோது ஜெர்மனியின் பேயர் லெவர்குசன் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. சீசன் முடிவில் 6-வது. 2023 கோடையில் 30 வயது மிட்ஃபீல்டர் ஷாகாவை வாங்கினார்கள். கிரிமால்டோ ஒப்பந்தம் முடிந்து இலவசமாக வந்தார். முன்பே இருந்த விர்ட்ஸ், ஃப்ரிம்போங், தா ஆகியோருடன் இவர்கள் சேர்ந்தார்கள். 2023-24-இல் 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லாமல் பட்டம். இளைஞர்களின் நடுவே அனுபவசாலி ஒருவரை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது: நடுக்களத்தில், பந்து அதிகம் தொடும் இடத்தில்.

ஒப்பந்தமும் புத்தகக் கணக்கும்

"அவரை விற்றுவிடு" என்பது சொல்ல எளிது. விற்க முடியுமா என்பதை ஒப்பந்தம் முடிவு செய்யும். 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் கட்டணம் இன்றிப் போகலாம். கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்புடன் பேசி முன்கூட்டியே கையெழுத்திட ஃபிஃபா விதி அனுமதிக்கிறது. ஆகவே இரண்டு ஆண்டு மீதமிருக்கும்போதே நீட்டிப்பதா விற்பதா என்று முடிவெடுக்க வேண்டும். ஓராண்டு மட்டும் மிச்சமிருந்தால் விலை சரியும், எதிர் கிளப் காத்திருந்தே வாங்கும். உங்கள் விரிதாளில் அடுத்த கோடையில் ஓராண்டு மட்டும் மீதமாகப் போகிறவர்களுக்கு நிறம் தீட்டுங்கள். முதல் வேலை அவர்கள்தான்.

புத்தகக் கணக்கு இப்படி: 40 மில்லியன் யூரோவுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கியவர் ஆண்டுக்கு 8 மில்லியன் செலவாகப் பதிவாவார், இதையே தேய்மானம் என்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய மீதி மதிப்பு 24. அவரை 30-க்கு விற்றால் 6 லாபம், 20-க்கு விற்றால் 4 நஷ்டம். மூன்றாண்டு மீதியிருக்கும்போது ஒப்பந்தத்தை ஐந்தாக நீட்டினால் அந்த 24 ஐந்தாகப் பிரிந்து ஆண்டுக்கு 4.8 ஆகும். அகாடமியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலை இல்லை, விற்ற தொகை முழுதும் லாபம். நாம் நேசிக்கும் உள்ளூர்ப் பையனைக் கிளப் அவசரமாக விற்பதற்குப் பல நேரம் இதுவே காரணம். மனம் வலிக்கும். ஆனால் காரணம் தெரிந்து கோபப்பட்டால்தான் சரியான ஆளிடம் கேள்வி கேட்கலாம்: இந்த நிலைக்குக் கணக்கை இழுத்துவிட்டது யார்?

செலவுக்கு வரம்பும் உண்டு. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் போட்டிகளில் ஆடும் கிளப்புகள் ஆட்டக்காரர் மற்றும் தலைமைப் பயிற்சியாளர் சம்பளம், ட்ரான்ஸ்ஃபர் தேய்மானம், ஏஜென்ட் கட்டணம் மூன்றும் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2023-24-இல் 90, அடுத்த ஆண்டு 80, 2025-26 முதல் 70 என்று படிப்படியாக இறக்கினார்கள். எட்டாண்டு ஒப்பந்தம் போட்டு ஆண்டுச் செலவைக் குறைத்துக் காட்டும் வழியும் 2023-இல் அடைபட்டது. ஒப்பந்தம் எவ்வளவு நீண்டாலும் தேய்மானத்தை ஐந்தாண்டுக்கு மேல் பரப்ப முடியாது. இங்கிலாந்தின் முதல் நிலை லீகில் நஷ்ட வரம்பை மீறியதற்காக எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் குறைத்தார்கள், மேல்முறையீட்டில் அது 6 ஆனது. கணக்குப் பிரிவின் தவறு நேராகப் புள்ளிப் பட்டியலில் விழும் காலம் இது.

விற்க முடியாதவர்களே மறுகட்டமைப்பின் கடினமான பகுதி. வாரம் 1 லட்சம் யூரோ வாங்குபவருக்கு இரண்டு ஆண்டு மீதி என்றால் 10.4 மில்லியன் பாக்கி. அந்தச் சம்பளத்தை வேறு யாரும் தர மாட்டார்கள், அவரும் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அவர் மதிக்கிறார், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வழிகள் மூன்று. சம்பளத்தில் ஒரு பங்கைக் கிளப்பே ஏற்று லோனில் (வேறு கிளப்புக்கு இரவலாக) அனுப்பலாம். பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடிக்கலாம். அல்லது அவரை ஆடவைத்துச் சந்தை மதிப்பை மீட்கலாம். ஆர்சனல் 2021 ஜனவரியில் ஓசிலையும் ஓராண்டு கழித்து ஔபமெயாங்கையும் ஒப்பந்தம் முடியுமுன்பே விட்டது. நடுவில் வந்த 2021 கோடையில் ஆறு பேரை வாங்கியது, ஆறு பேருமே 23 அல்லது அதற்குக் கீழ். அதற்கு முன் இரண்டு சீசன் 8-வது இடம், பிறகு 5, அதன் பிறகு 2. விடுவிக்கும் செலவையும் வாங்கும் செலவையும் ஒரே திட்டத்தின் இரு பாதிகளாகப் பார்த்ததுதான் அங்கே நடந்தது.

யார் முதலில்: இயக்குநரா, கோச்சா, ஆட்டக்காரரா

விளையாட்டு இயக்குநர், கோச், ஆட்டக்காரர்கள் என்பதே சரியான வரிசை. தலைகீழாக நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சரிந்த கிளப்புகளின் அணிப் பட்டியலே காட்டும். மூன்று ஆண்டில் மூன்று கோச். முதலாமவர் மூன்று சென்டர் பேக் வைத்து ஆடினார், விங் பேக்குகளை வாங்கினார். இரண்டாமவர் எதிரணியின் பாதியிலேயே அழுத்தும் ஆட்டம் கேட்டார், வேகமான இளைஞர்களை வாங்கினார். மூன்றாமவர் தன் கோலருகே பின்வாங்கி நின்று எதிர்த்தாக்குகிறார். கடைசியில் 28 பேர் இருப்பார்கள், எந்த ஓர் ஆட்டமுறைக்கும் பதினொருவர் சேர மாட்டார்கள்.

அதனால் ஆட்டமுறையை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். டிஃபன்ஸ் கோடு எங்கே நிற்கும், பந்தை இழந்ததும் என்ன செய்வார்கள், ஃபுல் பேக் உள்ளே வருவாரா வெளியே ஓடுவாரா. டிஃபன்ஸ் கோடு தன் கோலை விட்டு முன்னேறி நின்றால் சென்டர் பேக்குக்கு வேகமும், கோல்கீப்பருக்குப் பெனால்டி பெட்டியை விட்டு வெளியே வரும் துணிவும் கட்டாயம். இவை இல்லாமல் முன்வரிசையை மட்டும் அழுத்தச் சொன்னால் நடுவில் 40 மீட்டர் இடைவெளி திறக்கும். எதிரணி ஒரே பாஸில் உள்ளே வந்துவிடும்.

கோச்சை மாற்றியதும் வரும் வெற்றிகளை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். தோல்விகள் குவிந்த நேரத்தில்தான் கோச் போகிறார். எண்கள் தம் சராசரிக்குத் திரும்பும்போது யார் இருந்தாலும் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும். எக்ஸ்ஜி வித்தியாசமும் சேர்ந்து மாறியிருந்தால் மட்டுமே பாராட்டு கோச்சுக்குச் சேரும்.

எத்தனை பேரை, எந்த வரிசையில் வாங்குவது

ஒரு கோடையில் முதல் பதினொருவரில் மூன்று முதல் ஐந்து பேர் மாறலாம். அதற்கு மேல் போனால் டிஃபன்ஸில் யார் யாருக்கு மறைப்புக் கொடுப்பது என்ற புரிதலே உருவாகாது. 2018-இல் இங்கிலாந்தின் முதல் நிலைக்கு ஏறிய ஃபுல்ஹம் ஒரே கோடையில் 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தது. டிஃபன்ஸ் பெரும்பாலும் புதிது, 19-வது இடம், மறுபடி கீழ் நிலை லீகுக்கு இறக்கம். 2022-இல் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் இருபதுக்கு மேற்பட்டவர்களை வாங்கி 16-வது இடத்தில் தப்பியது. ஆனால் ஏற்றம் பெற்ற அணியில் பலர் லோனில் இருந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அதை முன்மாதிரியாக எடுக்க வேண்டாம்.

கோல் அடிக்க ஆள் இல்லை என்று கத்துவதுதான் வழக்கம். எங்கள் கருத்து, முதுகெலும்பை முதலில் சரிசெய்யுங்கள்: கோல்கீப்பர், சென்டர் பேக், டிஃபன்ஸுக்கு முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டர். இந்த இடங்களில் ஒரு நல்ல ஆள் நான்கைந்து ஆண்டு நிற்பார், மற்ற பத்துப் பேரின் ஆட்டமும் அவரால் உயரும். லிவர்பூல் 2018 ஜனவரியில் சென்டர் பேக் வான் டைக்கைக் கொண்டுவந்தது, அதே மாதம் தாக்குதல் ஆட்டக்காரர் கூட்டினியோவை விற்றது, கோடையில் கோல்கீப்பர் அலிசனை வாங்கியது. 2017-18-இல் லீகில் விட்ட கோல்கள் 38, அடுத்த சீசனில் 22. 2019-இல் ஐரோப்பியக் கோப்பை, 2020-இல் லீக் பட்டம். மிகப் பெரிய விலைக்குப் போன தாக்குதல் ஆட்டக்காரர் இல்லாமலேயே அது நடந்தது.

ஸ்ட்ரைக்கரை மதிப்பிடும்போது பெனால்டி கழித்து, 90 நிமிடத்துக்கு எத்தனை கோல், எத்தனை எக்ஸ்ஜி என்று பாருங்கள். 900 நிமிடத்துக்குக் கீழான எண்களைத் தொடவே தொடாதீர்கள். இரண்டு சீசன் சேர்ந்தால் இன்னும் நல்லது. 10 எக்ஸ்ஜியில் 18 கோல் அடித்தவருக்கு 18 கோல் விலை கேட்பார்கள், அடுத்த சீசனில் அவர் பெரும்பாலும் 10, 11-க்குத் திரும்புவார். வலுக்குறைந்த லீகிலிருந்து வருபவரின் எண்ணைக் கூடுதலாகக் குறைத்துப் படியுங்கள்.

பதிவு விதிகளும் கையைக் கட்டும். யூஃபா பட்டியலில் 25 பேர், அதில் 8 இடங்கள் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு, அவர்களுள் குறைந்தது 4 பேர் சொந்தக் கிளப்பில் வளர்ந்தவர்கள். அந்த ஆட்கள் இல்லையென்றால் இடம் காலியாகவே இருக்கும். வெளிநாட்டு நட்சத்திரத்தை எழுதும் முன் அந்த எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

மூன்று கோடை, நடுவில் ஜனவரி

முதல் கோடையில் வெளியேற்றமும் முதுகெலும்பும். சம்பளப் பட்டியல் இறங்க வேண்டும், சராசரி வயது இறங்க வேண்டும், இடம் மட்டும் அப்படியே நின்றால் போதும். இரண்டாம் கோடையில் ஃபுல் பேக், விங்கர், 12-வது ஆள் முதல் 16-வது ஆள் வரையிலான ஐவர். மூன்றாம் கோடையில்தான் பெரிய விலைக்கு ஒருவர். சீசன் நடுவே வாங்க அனுமதிக்கும் ஜனவரியில் விலை கூடும், நல்லவர்களை யாரும் விட மாட்டார்கள், வருபவருக்குப் பயிற்சி நேரமும் கிடைக்காது. காயத்தால் ஓர் இடம் முழுதாகக் காலியானால் தவிர அப்போது வாங்க வேண்டாம், லோன் போதும்.

கீழிறங்கும் அபாயம் இருந்தால் புதிய ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் கீழிறங்கினால் சம்பளம் குறையும் என்ற விதி இருக்க வேண்டும். சம்பளம் பழைய நிலையிலும் வருமானம் புதிய நிலையிலும் நின்றால் அடுத்த சரிவும் தொடரும். சண்டர்லேண்ட் 2017-இல் இறங்கியது, 2018-இல் மறுபடி இறங்கியது, முதல் நிலைக்குத் திரும்ப 2025 ஆனது. வராத பணத்தை நம்பிக் கடன் வாங்கினால் இன்னும் மோசம். 2001-இல் ஐரோப்பிய அரையிறுதி ஆடிய லீட்ஸ், எதிர்கால வருமானத்தின் மேல் கடன் ஏற்றி, 2004-இல் இறங்கி, 2020 வரை திரும்பவில்லை.

விவாதத்தில் கேட்க வேண்டியவை

யாராவது ஒரு பெயரைச் சொன்னால், அவர் எடுக்கும் 2,500 நிமிடங்கள் யாருடையவை என்று கேளுங்கள். "பெஞ்சுக்கு" என்றால் 1,600 நிமிட ஆளுக்கு அந்த விலை சரியா என்று கேளுங்கள். ஒருவர் உள்ளே என்றால் ஒருவர் வெளியே. வெளியே போகிறவரின் ஒப்பந்த ஆண்டும் புத்தக மதிப்பும் சொல்லப்பட வேண்டும். விலையின் ஆண்டுத் தேய்மானம், சம்பளம் இரண்டையும் கூட்டி ஓராண்டுச் செலவாக எழுதினால், "இலவசமாக வருகிறார்" என்பவர் எவ்வளவு இலவசம் என்பதும் தெரிந்துவிடும். கையெழுத்துத் தொகையும் உயர்ந்த சம்பளமும் சேர்ந்து அவர் 20 மில்லியன் ஆளுக்குச் சமமாக நிற்பது சாதாரணம்.

சீசன் தொடங்குமுன் உங்கள் கணிப்பை எழுதி வையுங்கள்: எக்ஸ்ஜி வித்தியாசம் எவ்வளவு, 22 வயதுக்கு உட்பட்டவர்களின் நிமிடங்கள் எவ்வளவு, செட் பீஸில் விட்ட கோல்கள் எத்தனை. 10-வது ஆட்டத்தில் நிமிடங்களை மட்டும் பாருங்கள். திட்டத்தில் இருந்த இளைஞர்கள் ஆடுகிறார்களா, அல்லது பயத்தில் கோச் பழைய ஆட்களிடமே திரும்பிவிட்டாரா என்பது அதற்குள் தெரியும். 20-வது ஆட்டத்தில் எக்ஸ்ஜியைப் பாருங்கள். புள்ளி குறைவாக இருந்தும் வித்தியாசம் ஏறியிருந்தால் கோச்சைக் காப்பாற்றக் குரல் கொடுங்கள். புள்ளி நன்றாக இருந்தும் வித்தியாசம் இறங்கியிருந்தால், எல்லாரும் கொண்டாடும் அந்த நேரத்திலேயே கேள்வியை எழுப்புங்கள். இரண்டும் இறங்கி, நிமிடங்களும் திட்டப்படி போகவில்லை என்றால், ஆட்களை வாங்கி விற்கும் அடுத்த காலத்துக்குக் காத்திருக்காமல் விளையாட்டு இயக்குநரிடம் கணக்குக் கேட்க வேண்டும்.